கவின் யார் என்று கேட்டு வந்த ஜீப்

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் வெற்றிக் கதைகள் எதையும் சொல்லப்போவதில்லை. நான் பயந்த ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொடைக்கானலிலிருந்து ஒரு நாளிதழுக்கு நெடுங்காலம் செய்தி அனுப்பியவள் நான். மண்சரிவு, காட்டுத்தீ, பள்ளத்தில் கவிழ்ந்த பேருந்து எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். அவை எழுதி முடித்ததும் என்னை விட்டுவிட்டன. இது மட்டும் விடவில்லை.

சம்பவம் நடந்தது பேத்துப்பாறைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை இப்போதும் சொல்வதாக இல்லை. இதில் வரும் பெண்ணின் பெயரும் அவள் பிள்ளையின் பெயரும் நான் வைத்தவை. ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வந்த உள்ளாட்சித் தேர்தல் அது. மலையில் அப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அம்மாக்கள் மட்டும் சேரலாம். தொடங்கியவர் டவுன் பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள் ரஹ்மத். மகளுக்குக் காய்ச்சல் கண்ட நேரத்தில் எந்த டாக்டர் இருக்கிறார் என்று தெரியாமல் மழையில் அலைந்தவர், மறுவாரம் பள்ளி வாசலில் நிற்கும் பெண்களின் எண்களை வாங்கிக் குழு தொடங்கினார். இன்று டாக்டர் உண்டா, ஸ்கூல் வேன் எங்கே நிற்கிறது, பாதையில் காட்டுமாடு நிற்கிறதா என்பதுதான் முதலில் பேச்சு. பிறகு ஆள் சேர்ந்து சேர்ந்து, டவுனுக்கு ஒன்று, மேல்மலைக்கு ஒன்று, பண்ணைக்காட்டுப் பக்கத்துக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் குழுக்களில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை. பள்ளி வாசலில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே அங்கேயும் ஹரிணி அம்மா, தர்ஷன் அம்மா என்றுதான். ரஹ்மத்தே அங்கே ஆயிஷா அம்மா. குழுவில் வருவதை எனக்கு அனுப்பிக் காட்டுவதும் அவர்தான். கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் தெரியாமல் பேச அது வசதியாக இருந்தது. பிள்ளையின் பெயர் ஒரு முக்காடு மாதிரி. எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

கட்சிக்காரர்களுக்கு இந்தக் குழுக்களின் பலம் புரிந்தது கூக்கால் என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு படத்தால். ஜுரம் கண்ட பிள்ளையைச் சேலையில் கட்டி முதுகில் சுமந்துகொண்டு, பெயர்ந்து கிடக்கும் சாலையில் ஒரு அம்மா பேருந்துக்கு நடந்துபோகிற படம். எந்தப் பத்திரிகையும் அதைப் போடவில்லை, நாங்களும்தான். ஆனால் ஓட்டுக் கேட்டுப் போனவர்களிடம் ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் போனை நீட்டி அதைக் காட்டினார்கள். தேர்தலுக்கு முன்பே சாலைக்கு ஜல்லி வந்து இறங்கியது. அதன் பிறகு வேட்பாளர்கள் ஒவ்வொருவராகப் பூண்டு வாங்கும் சாக்கில் ரஹ்மத்தின் கடைக்கு வரத் தொடங்கினார்கள்.

"அக்கா, இவங்க வாங்கிட்டுப் போன பூண்ட வெச்சு ஒரு கல்யாணமே வெக்கலாம்" என்பார் ரஹ்மத். "ஒருத்தர் மூஞ்சியப் பாத்தாலும் வீட்டுல அடுப்புப் பக்கம் போற ஆளு மாதிரித் தெரியல."

சிரித்தோம். சிரிக்கிற நிலையில்தான் அப்போது இருந்தோம்.

அந்தத் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவருக்கு, நான் சொல்லும் ஊருக்கு மேலே காட்டேஜ்கள் உண்டு. பால்வாடிக்கு வந்துகொண்டிருந்த ஓடைத் தண்ணீர்க் குழாயை அவருடைய ஆட்கள் அந்தக் காட்டேஜ்களுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது குட்டையில் மொண்ட தண்ணீர். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஒருநாள் ஒரு தாயின் குரல் குழுவில் வந்தது. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசியதுபோல அமுங்கிய குரல்.

"எங்க பிள்ளைக வயித்தால போயி சுருண்டு கெடக்கு. ஓட்டுக் கேட்டு வரட்டும், வேணாங்கல. பால்வாடித் தண்ணி ஒரு டம்ளரு குடுங்க. அதக் குடிச்சுட்டுக் கேக்கச் சொல்லுங்க. நான் சொல்றது அவ்வளவுதான்."

அடுத்த நாளிலிருந்து அந்த வேட்பாளர் போன இடத்திலெல்லாம் பெண்கள் டம்ளருடன் நின்றார்கள். கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. கலங்கல் தண்ணீரை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் கும்பிட்ட கையை இறக்கவும் முடியாமல் டம்ளரை வாங்கவும் முடியாமல் நின்றதை ஒரு ஊரில் நானே பார்த்தேன். பத்திரிகையில் எத்தனை பத்தி எழுதினாலும் ஓர் அரசியல்வாதியின் முகத்தை அப்படி ஆக்க முடியாது.

பேசியவர் யார் என்று எனக்கு ரஹ்மத் சொன்னார். செல்வி. பூண்டுக் காட்டில் கூலி வேலை. கணவருக்கு அதே காட்டேஜ்களில் தோட்டவேலை. அதனால்தான் செல்வி குரல் பதிவைக் குழுவில் போடாமல் ரஹ்மத்துக்குத் தனியாக அனுப்பியிருந்தார். ரஹ்மத் தன் எண்ணிலிருந்து அதைப் போட்டார். போடும்போது வழக்கப்படி மேலே ஒரு வரி எழுதினார்: 'கவின் அம்மா பேசுறாங்க, கேளுங்க.'

நான் செல்வியைக் காட்டில் போய்ப் பார்த்தேன். களைக்கொத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"எம் பேரு வேணாங்க்கா. வீட்டுக்காரருக்கே தெரியாது. தெரிஞ்சா அவரு என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பயந்தே செத்துருவாரு."

பெயரில்லாமல் தண்ணீர்ச் செய்தியை எழுதினேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். "பேசினவங்க பேரு, ஒரு படம். அது இல்லாட்டி என்னம்மா செய்தி இது?" என்றார். தர முடியாது என்றேன். உள்பக்கத்தில் சிறிதாக வந்தது.

இரண்டொரு நாளில், தண்ணீர் திரும்ப விடப்பட்டதா என்று பார்க்க ஊருக்குப் போனேன். பால்வாடிக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சு, அதுதான் மலை மூடுபனி, இறங்கத் தொடங்கிய மதியம். ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவரை எனக்குத் தெரியும். அந்த வேட்பாளரின் தேர்தல் வேலைகளைப் பார்ப்பவர். கூட்டச் செய்திகளை எனக்கு அனுப்புகிறவரும் அவர்தான். நல்ல பேச்சுக்காரர். கையில் பிஸ்கட் பாக்கெட்டுகள். பால்வாடி வாசலில் குந்தி உட்கார்ந்தார்.

"பட்டுக்குட்டிகளா, இதுல கவின் யாருப்பா?"

ஒரு பையன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் தூக்குவதுபோல, பெருமையாக.

"நாந்தான்!"

"அடேயப்பா, நீதானா! அம்மா எங்க சாமி வேலைக்குப் போறாங்க?"

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. அதை வைக்கத் தோன்றவில்லை. முக்காடு என்று நாங்கள் நினைத்தது என்ன என்று அந்த நொடியில் புரிந்தது. தாயின் பெயரை மறைப்பதற்காகப் பிள்ளையை முன்னால் நிறுத்தியிருந்தோம். பெரியவர்களுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியும். பிள்ளைகள் பெயரைக் கேட்டால் கையைத் தூக்குவார்கள்.

அவர் போனை எடுத்துப் பையனைப் படம் பிடித்தார். பால்வாடி ஆயா ஓடிவந்து பையனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாக ஜீப்பைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். பேர் சொல்லிப் பிள்ளையைக் கேட்கிறான், வண்டி நம்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஆயா செய்தது சரி. அவர் வேலை அதுதான்.

ஆனால் மலையில் அந்த வயதில் கவின்கள் நிறையப் பேர். அந்த ஆள் காலையிலிருந்து ஒவ்வொரு பால்வாடியாகக் கவினைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். ஆயாவின் படத்துக்குக் கீழே மற்ற ஊர்களிலிருந்து குரல்கள் விழத் தொடங்கின. இங்கேயும் கேட்டான். இங்கேயும் பிஸ்கட் கொடுத்தான். இங்கேயும் கவின் என்றுதான் கேட்டான். ஜீப் அடுத்த வளைவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பிள்ளை பிடிக்கிற ஜீப் ஆகிவிட்டது.

ரஹ்மத் என்னைக் கூப்பிட்டார்.

"என்னக்கா நடக்குது அங்க? ரோட்டுல மரத்தப் போட்டுட்டாங்களாம். டீசல் கொண்டாங்கன்னு ஒரு அம்மா பேசுறாங்கக்கா. எங்கூட எவ்வளவு தன்மையாப் பேசுற அம்மா தெரியுமா!"

"அவன் பிள்ளை பிடிக்க வரல ரஹ்மத். கட்சிக்காரன். குழுவுல போடு, வெரசா."



"போட்டா, கட்சிக்காரன் எதுக்குக் கவினத் தேடுறான்னு கேப்பாங்க. நான் எழுதுன வரி மேலேயே கெடக்கு. செல்விய நானே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருமேக்கா."

அவர் சொன்னது சரி. போலீஸ் நிலையத்துக்குச் சொன்னேன். வண்டி கிளம்புகிறது என்றார்கள். டவுனிலிருந்து அந்த வளைவுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும், மஞ்சு இறங்கினால் இன்னும் எவ்வளவு என்றும் தெரியும். டீக்கடைக்காரரின் பைக்கில் போனேன்.

சாலையின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். குறுக்கே ஒரு யூக்கலிப்டஸ் மரம் கிடந்தது. பூண்டுக் காட்டிலிருந்தும் பீன்ஸ் காட்டிலிருந்தும் ஏறி வந்த பெண்கள், கையில் களைக்கொத்துகள். சில ஆண்களும் நின்றார்கள், ஆனால் பின்னால். டிரைவரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம். அந்த ஆள் ஜீப்புக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, எறங்குலே!"

"அம்மா, நான் கட்சி வேலையா வந்தேம்மா. சத்தியமா."

"கட்சி வேலைக்குப் பால்வாடியில என்னலே சோலி? எம் பேரன் என்ன ஓட்டா போடப் போறான்?"

"இவன் பேச்சென்ன கேக்குறது! பள்ளத்துல உருட்டுங்கடி!"

ஜீப்பை ஆட்டத் தொடங்கினார்கள். பள்ளத்துப் பக்கத்துச் சக்கரம் விளிம்பிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. அந்தப் பெண்களில் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கோபத்தில் இருப்பவர்களிடம் பேசிப் பார்க்கலாம். பிள்ளைக்காகப் பயந்து நிற்பவர்களிடம் என்ன பேசுவது?

அந்த ஆள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டார். "மேடம்! நீங்க சொல்லுங்க மேடம்! நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமே மேடம்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"இவரை எனக்குத் தெரியும். பிள்ளை பிடிக்கிற ஆள் இல்லை. போலீஸ் வந்துக்கிட்டிருக்கு, அவங்க விசாரிக்கட்டும்" என்றேன்.

"அப்ப எதுக்கு எங்க பிள்ளையப் பேரு சொல்லிக் கேட்டான்? ஒங்களுக்குத் தெரியுமில்ல, சொல்லுங்க!"

நான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

"ஒங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டார். இல்லை என்று அவருக்குத் தெரியும். "இல்லேல்ல? அப்ப தள்ளி நில்லுங்க."

தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். பலமாக இல்லை. ஆனால் தள்ளினார்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே உண்மை தெரிந்தவர்கள் இருவர். அந்த ஆள் சொன்னால் அவருடைய வேட்பாளர் அன்றோடு முடிந்தார், அதனால் உயிர் போகிற நேரத்திலும் 'கட்சி வேலை' என்பதைத் தாண்டி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னால் மாட்டுவது செல்வி. உண்மையில் பாதியைச் சொல்லிக் காரணத்தை மறைத்தேன். கூட்டம் அதை உடனே கண்டுபிடித்துவிட்டது. அரை உண்மை சொல்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. ஜீப் இன்னொரு முறை சாய்ந்தது. நான் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு பெண்ணின் நிம்மதியா, இந்த ஆளின் உயிரா என்றால் உயிர்தான். அப்படித்தான் எடை போட்டேன். சரியான எடையா என்று இன்றும் தெரியாது. ஏனென்றால் நிம்மதி மட்டும்தான் போகும் என்று எனக்கு யார் சொன்னது?

அதற்குள் மேட்டிலிருந்து செல்வி இறங்கி வந்தார். மகனை அந்த ஆள் படம் பிடித்தது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியிருக்க வேண்டியவர் அவர்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடி வழியாக அந்த ஆளைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். கணவர் வேலை செய்யும் காட்டேஜ்களுக்கு வந்துபோகிற முகம்தானே. எதற்காக வந்தார் என்பது புரிய அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

என்னைப் பார்த்தார். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"விடுங்கடி" என்றார். "இவரு பிள்ளை புடிக்க வரல. என்னையத் தேடி வந்திருக்காரு."

"ஒன்னைய எதுக்குத் தேடுறான்?"

"ஒரு டம்ளரு தண்ணி குடுங்கன்னு பேசுனது நாந்தான்."

ஜீப்பைப் பிடித்திருந்த கைகள் நின்றன. பிறகு என்னைத் தள்ளிவிட்ட அதே பெண் செல்வியின் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.

"அடி பாதகத்தி! நீயாடி அது? நானும் எம் மருமகளும் யாரோ டவுனுல படிச்ச பொம்பளன்னுல்ல நெனச்சுக்கிட்டுத் திரியுறோம்!"

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். "இவ போன வாரம் எங்கிட்டத்தான் டம்ளரு கடன் கேட்டா!" என்றார் ஒருவர். சிரிப்பு பரவியது. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். ஜீப்பை விட்டுவிட்டு எல்லோரும் செல்வியைச் சுற்றி நின்றார்கள். அந்த ஆளைக் காப்பாற்றியது அந்தச் சிரிப்புதான். நானும் இல்லை, பின்னால் வந்து சேர்ந்த போலீஸும் இல்லை.

நான் ஜீப்பைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கவில்லை. வியர்த்துக் கிடந்தார். ஆனால் கண்கள் செல்வியின் மேல் இருந்தன. பரீட்சைக்கு முன் புத்தகத்தைப் பார்க்கிற பிள்ளைபோல, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சே, இனிமே பேரைப் போட என்ன?" வதந்தியால் ஜீப் மறிக்கப்பட்டது, பெண் ஒருவர் கூட்டத்தைச் சமாதானப்படுத்தினார் என்று மட்டும் அனுப்பினேன். ஓர் ஊருக்குத் தெரிவதும் அச்சில் ஏறுவதும் ஒன்றல்ல. ஊருக்கு அவளோடு நாளையும் முகம் பார்த்துப் பேச வேண்டிய கடமை உண்டு. பத்திரிகையை வாங்கிப் படிப்பவருக்கு அது கிடையாது. இந்த வேலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று.

அடுத்த நாளே வேட்பாளர் பால்வாடிக்கு வந்தார். அதற்குள் குழாயைத் திருப்பிவிட்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பெண்கள் கைதட்டினார்கள். பிறகு, "நம்ம கவின் பய எங்க?" என்று கேட்டார். மறுபடியும் அந்தக் கை பெருமையாக மேலே போனது. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைத் தடவிக்கொடுத்தார். "அம்மாகிட்ட மாமா வந்தேன்னு சொல்லு" என்றார். கேமராக்காரர்கள் படமெடுத்தார்கள். என்னிடமும் கேமரா இருந்தது. நான் எடுக்கவில்லை. சிரித்த முகத்துடன் ஒருவர் ஒரு குழந்தையைக் கொஞ்சுகிற படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அதை வெளியிடக் கூடாது என்பதற்கு என்னால் ஒரு காரணமும் காட்டியிருக்க முடியாது. அதுதான் அதில் பயங்கரம்.

அவர் ஜெயித்தார். குழுக்களில் அம்மாக்களே அவருக்காகப் பேசினார்கள், சொன்னதைச் செய்தவர் என்று. செல்வியின் கணவரை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. யாரும் மிரட்டவில்லை. தீபாவளிக்குப் பையனுக்குச் சட்டைத்துணி வந்தது. எழுதுவதற்கு எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் இருப்பதை எப்படிச் செய்தியாக்குவது என்று நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் கற்றுக்கொண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். பகல் வேளை, நல்ல வெயில். பால்வாடிப் பிள்ளைகளின் சத்தம் தெருவில் கேட்டது. செல்வியின் வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. என் குரலைக் கேட்டு, யார் என்று இரண்டு தடவை கேட்டு, பிறகு திறந்தார். பின்னால் பையன் தரையில் உட்கார்ந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"தண்ணி வருதா செல்வி?" என்று கேட்டேன்.

"நல்லா வருதுங்க்கா. ஒரு நாள் தவறாம வருது" என்றார். என்னை உள்ளே விட்டுவிட்டு, கதவை மறுபடி தாழ்ப்பாள் போட்டார். "இவனத்தான் வெளிய விடுறதில்ல."